வினைச்சொல்லுக்குப் பின்னால் வந்தது

வீட்டுக்கு வராத ஒரு மனிதரை நான் ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் வரவைத்திருக்கிறேன். அந்தச் செய்தியை அவருடைய தங்கையிடமே சொன்னேன். உறுதியாகச் சொன்னேன், சந்தோஷமாகவும் சொன்னேன். அது பிழை.

மொழிகளோடு முப்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்துவிட்டு ஓய்வுபெற்றவள் நான். மொழி ஆய்வுக்கும் மொழிபெயர்ப்புக்கும் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் கருவிகளைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். எந்த ஒலிப்பதிவுக் கருவி, எந்த மென்பொருள் என்று. அதெல்லாம் என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். என்னிடம் உங்களுக்குக் கொடுக்க இருப்பது அந்தப் பிழைதான். அதையே சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. லண்டன் நகரின் நடுவில் ஒரு கல்லூரியில் ஆப்பிரிக்க மொழிகளுக்கென்று ஒரு துறை இருந்தது. யாழ்ப்பாணத்தில் தமிழும் மொழியியலும் படித்துவிட்டு வந்த எனக்கு அங்கே தட்டச்சு வேலை கிடைத்தது. என் காது நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடித்த பேராசிரியை என்னை மெல்ல மெல்ல ஆய்வு உதவியாளராக்கினார். ஆப்பிரிக்காவின் நடுவிலும் கிழக்கிலும் தெற்கிலும் பேசப்படும் நூற்றுக்கணக்கான மொழிகள் சேர்ந்த குடும்பத்துக்குப் பாண்டு என்று பெயர். அதில் ஒன்றான சூலு மொழிக்கு அவர் ஓர் இலக்கண நூல் எழுதிக்கொண்டிருந்தார். சொற்கள் எந்த வரிசையில் நிற்கின்றன, அந்த வரிசை மாறினால் எது அழுத்தம் பெறுகிறது என்ற அத்தியாயத்துக்கு வேண்டிய வாக்கியங்களைச் சேகரிப்பது என் பொறுப்பு.

எங்களுக்குச் சூலு பேசிக் காட்டியவள் நொம்சா. தென்னாப்பிரிக்காவிலிருந்து வெளியேறி வந்தவள். டூட்டிங் பக்கம் ஒரு மருத்துவமனையில் தாதியாக இருந்தாள். நான் அதற்கு அடுத்த கோலியர்ஸ் வுட்டில் குடியிருந்தேன். செவ்வாய்க்கிழமைகளில் அவள் கல்லூரிக்கு வருவாள். வேலை முடிந்து இருவரும் ஒரே ரயிலில் திரும்புவோம். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். அவள் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

முதல் வருஷம் நான் செய்த காரியத்தை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. குழந்தை, இறைச்சி, தின்றது என்ற மூன்று சொற்களை எத்தனை விதமாக மாற்றிப்போட முடியுமோ அத்தனை விதமாகவும் போட்டு, ஒவ்வொன்றையும் நொம்சாவிடம் வாசித்துக் காட்டி, இப்படிச் சொல்லலாமா என்று கேட்டேன். அவள் மிகவும் மரியாதையான பெண். எல்லாவற்றுக்கும் சொல்லலாம் என்றாள். நான் எல்லாவற்றுக்கும் சரி போட்டுக் குறிப்பேட்டைக் கொண்டுபோய்ப் பேராசிரியையின் மேசையில் வைத்தேன். சூலுவில் சொற்களை எப்படி வேண்டுமானாலும் போடலாம் என்று கீழே ஒரு முடிவும் எழுதியிருந்தேன்.

அடுத்த நாள் குறிப்பேடு திரும்பி வந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கு எதிரிலும் பென்சிலால் ஒரே கேள்வி எழுதியிருந்தது. எந்தக் கேள்விக்குப் பதில்?

அவ்வளவுதான். ஏச்சும் இல்லை, விளக்கமும் இல்லை. திரும்பவும் நொம்சாவிடம் போனேன். இந்தத் தடவை வாக்கியங்களை வாசித்துக் காட்டாமல் கேள்விகளைக் கேட்டேன். குழந்தை என்ன தின்றது? இறைச்சிக்கு என்ன ஆயிற்று? வந்தது யார்? அவள் பதில் சொல்லச் சொல்ல, சந்தைக் கூட்டம் போல இருந்த வாக்கியங்கள் தாமாகவே வரிசையில் போய் நின்றன. ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலை இன்னொரு கேள்விக்குச் சொல்ல அவள் மறுத்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. அப்படிச் சொன்னால் ஆளுக்குக் காது கேட்கவில்லை என்று நினைப்பார்கள் என்றாள்.

நான் கண்டது இதுதான். சூலுவில் வினைச்சொல்லுக்கு முன்னால் உட்காருகிறவர் பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் முன்பே தெரிந்தவர். புதிய செய்தி எதுவோ அது வினைக்குப் பின்னால், அதை ஒட்டிப் போய் நிற்க வேண்டும். வந்தது யார் என்று கேட்டால், வந்தவரின் பெயரை வினைக்கு முன்னால் வைத்துப் பதில் சொல்ல முடியாது. 'குஃபிகே' என்று தொடங்கிவிட்டுப் பிறகு பெயரைச் சொல்வார்கள். அந்த 'கு' இன்ன ஆள் என்று காட்டுவதில்லை. வந்திருக்கிறது, என்ன என்று பின்னால் சொல்கிறேன் என்பது போல.

வினைச்சொல்லின் வாலும் மாறும். 'உஃபிகிலே' என்றால் அவர் வந்துவிட்டார். வந்ததே செய்தி, அதோடு பேச்சை நிறுத்தலாம். 'உஃபிகே' என்றாலும் அவர் வந்தார் என்றுதான் அகராதி சொல்லும். ஆனால் அதோடு நிறுத்த முடியாது. பின்னால் நேற்று என்றோ பஸ்ஸில் என்றோ ஏதாவது வந்தாக வேண்டும். அந்தப் பின்னால் வருவதே செய்தி.

இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் இது என் வீட்டில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் அண்ணை வந்திட்டார் என்று சொன்னால் அது செய்தி, வீடே எழும்பும். அண்ணை நேற்று வந்தவர் என்று சொன்னால் யாரும் எழும்ப மாட்டார்கள். அவர் வந்தது எல்லோருக்கும் தெரியும், எப்போது என்பதைத்தான் சொல்கிறார்கள். நாங்கள் முக்கியமான சொல்லை வினைக்குச் சற்று முன்னால் வைக்கிறோம். அவர்கள் வினைக்குச் சற்றுப் பின்னால் வைக்கிறார்கள். ஒரு சொல்கூட உறவில்லாத இரண்டு மொழிகள். நடுவில் ஒரு பெருங்கடல். ஆனாலும் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறவரும் உள்ளே தெரிகிறவரும் போல அவை கையை மாற்றி ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தன. இதை எந்த அம்மாவும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. மூன்று வயதுப் பிள்ளை தவறாமல் செய்கிறது.

இந்த விதியை அந்த அத்தியாயத்துக்காக மூன்று தடவை நானே தட்டச்சு செய்தேன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியாமல் நடந்த பிழை இல்லை.

நொம்சாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். அவளுடைய நாட்டில் வெள்ளையர் அரசு நெருக்கடிநிலை அறிவித்திருந்த காலம். ஒரு நாள் விடியப் போலீஸ் வந்து அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள், உயிரோடு வைத்திருக்கிறார்களா என்று ஏழெட்டு மாதமாக ஒரு தகவலும் இல்லை. கடிதங்களைப் பிரித்துப் படிப்பார்கள் என்பதால் அவளுடைய அப்பா எழுதுவதில்லை. யாராவது பயணம் வந்தால், பேசிப் பதிவு செய்த ஒரு கசெட்டைக் கொடுத்தனுப்புவார். அந்தக் கசெட்டும் யார் கையில் அகப்படுமோ என்று சுற்றி வளைத்துத்தான் பேசுவார். ஊரிலிருந்து செய்தி வருமா என்று காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அந்த வருஷங்களில் லண்டனில் இருந்த எந்த யாழ்ப்பாணத்து ஆளுக்கும் நான் விளக்கத் தேவையில்லை. நானும் நொம்சாவும் ரயிலில் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பேசாமலே தெரியும்.

ஒரு வியாழக்கிழமை காலை அவள் சொல்லாமல் கொள்ளாமல் கல்லூரிக்கு வந்தாள். கையில் ஒரு கசெட். அதிலிருந்து நாடா குடல் போல வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. முதல் நாள் மாலை ஒருவர் கொண்டுவந்து கொடுத்தாராம். வீட்டில் போட்டுக் கேட்டிருக்கிறாள். அப்பா மழையைப் பற்றியும் மாடுகளைப் பற்றியும் பேசிவிட்டு, இனி உன் அண்ணனைப் பற்றி என்று தொடங்கியிருக்கிறார். அந்த இடத்தில் பிளேயர் நாடாவைத் தின்றுவிட்டது.

அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. விடுப்பு எடுக்க வழியில்லை. கசெட்டை என் கையில் வைத்து, சரியானதும் வார்டுக்குப் போன் பண்ணு, நான் வந்து கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினாள். வந்து கேட்கிறேன் என்றுதான் சொன்னாள். நீ கேட்டுச் சொல்லு என்று சொல்லவில்லை.

எங்கள் துறையின் ஒலிப்பதிவு அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் கதிர் அண்ணை. யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்காரர். ஊரில் வானொலி திருத்துகிற கடை வைத்திருந்தவர். நாடாவைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"பிள்ளை, ஒரு இடத்திலை நல்லா மடிஞ்சு போச்சு. முழுசா வராது. ஏலுமான அளவு செய்து தாறன்."

வெள்ளைத் துணியை விரித்து, நாடாவை விரல் அகலம் விரல் அகலமாக நீவினார். பிறகு அதைப் புதிய கூட்டில் சுற்றி, பெரிய சுருள் நாடா ஒன்றில் படியெடுத்தார். சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். பார்ப்பதற்காக என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு கிழவரின் நிதானமான குரல். உன் அண்ணனைப் பற்றி, என்கிறார். அடுத்து இரைச்சல். இரைச்சலுக்கு நடுவே '...உஃபிகே'. மறுபடி இரைச்சல், டிக், டிக் என்று சில சத்தங்கள். பிறகு ஒரு சொல்லின் வால். பிறகு ஞாயிற்றுக்கிழமை என்ற சொல். அதன்பின் நாடா தெளிவாகிவிடுகிறது. அம்மா அன்று முழுவதும் அழுதாள், வீட்டுக்கு ஆட்கள் வந்து போய்க்கொண்டிருக்கிறார்கள், என்கிறார். பிறகு பிரார்த்தனை.

உஃபிகே. வந்தார். ஞாயிற்றுக்கிழமை. அம்மா அழுதிருக்கிறாள். சனம் வந்து போகிறது. வேறென்ன வேண்டும்? என் கண் கலங்கிவிட்டது. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனுக்கு ஓடினேன். ஒரு தடவை திரும்பக் கேட்டுப் பாரன் பிள்ளை என்று கதிர் அண்ணை பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது. நான் நிற்கவில்லை.

வார்டில் அவளைக் கூப்பிட்டுத் தந்தார்கள். "நொம்சா, உன் அண்ணன் வந்துவிட்டார்" என்றேன்.

 "அப்பா அப்படியே சொன்னாரா?" என்று கேட்டாள்.

நான் ஆம் என்றேன்.

அன்று நான் செய்த பிழைகளில் பெரியது அந்த ஆம். அதற்கு முன் செய்தது அவசரம். மனிதர்களுக்கு அவசரம் வரும். ஆனால் அவள் கேட்டது இலக்கணக் கேள்வி. அப்பா எந்தச் சொல்லால் சொன்னார் என்று கேட்டாள். அது அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்பா உஃபிகிலே என்று சொல்லவில்லை. அதை என் காதே கேட்டிருந்தது.

மூன்று மணிக்கு அவள் வந்தாள். சீருடைக்கு மேல் கோட்டு. கையில் ஒரு கேக் பெட்டி. வார்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாளாம், இன்னொருத்தி மீதி ஷிப்டைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டாளாம். பெட்டியை மேசையில் வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். கதிர் அண்ணையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்பாவின் குரல் தொடங்கியதும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. கையைக் காட்டித் திரும்ப ஓட்டச் சொன்னாள். இன்னொரு தடவை கேட்டாள். ஹெட்போனை மெதுவாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவன் வரவில்லை" என்றாள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையை உயர்த்தினாள்.

"அவன் வந்திருந்தால் அப்பா உஃபிகிலே என்று சொல்லியிருப்பார். சொல்லிவிட்டு நிறுத்தியிருப்பார். அதற்குப் பிறகு அவருக்குச் சொல்ல என்ன இருக்கிறது? இது உஃபிகே. நிறுத்தவில்லை. பின்னால் ஏதோ சொல்கிறார்."

ஞாயிற்றுக்கிழமை என்று வருகிறதே, ஞாயிற்றுக்கிழமை வந்தார் என்றிருக்கலாமே என்று கேட்டேன். அவள் பொறுமையாக இல்லை என்று தலையாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை வந்தார் என்றால், வந்தது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று அப்பாவுக்கும் தெரியும். ஆகவே இது உஃபிகே இல்லை. முன்னால் ஒரு 'க்' இருந்திருக்கிறது, நாடா அதைத் தின்றுவிட்டது. குஃபிகே. வேறு எதுவோ வந்திருக்கிறது. வந்தது என்ன என்பது இரைச்சலுக்குள் இருக்கிறது என்றாள்.

மூன்று தடவை நான் தட்டச்சு செய்த விதி. அதை அத்தியாயத்தில் ஒன்றரைப் பக்கத்தில் விளக்கியிருந்தோம். இலக்கணப் புத்தகத்தைத் தொட்டே பார்த்திராத ஒருத்தி, தன் வாழ்நாளின் ஆகப் பெரிய ஆசைக்கு எதிராக, ஒரே ஓர் எழுத்தைக் கேட்டு அதைச் சொல்லி முடித்தாள். சந்தோஷத்துக்காக அவள் காது பொய் சொல்லவில்லை. என் காது சொன்னது.

பிறகு அவள் மேசையைப் பார்த்தபடி, "எங்கள் ஊரில் வீட்டுக்கு என்னென்ன வரும் என்று எனக்குத் தெரியும். போலீஸ் வரும். பெட்டி வரும்" என்றாள்.

அம்மா அன்று முழுவதும் அழுதாள். ஆட்கள் வந்து போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இப்போது வேறு பொருள் வந்துவிட்டதை அறையில் இருந்த மூவரும் உணர்ந்தோம். 

நான் எழுந்து போய்ப் பேராசிரியையின் கதவைத் தட்டினேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் போலவும் இருந்தது. அவர் எழுந்து என்னோடு ஒலிப்பதிவு அறைக்கு நடந்தார். நடந்துகொண்டே, அந்த அப்பா எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பார் என்று மட்டும் கேட்டார். உன் அண்ணனைப் பற்றி என்று அவரே தொடங்கியிருக்கிறார். அப்படியென்றால் அந்த மகனைப் பற்றி வீட்டுக்கு என்ன வந்தது என்பதுதான் கேள்வி என்றேன். சரி, பதிலை அவர் மகள்தான் கேட்க முடியும், நாம் இருவரும் கேட்க முடியாது என்றார்.

நாங்கள் உள்ளே போனபோது கதிர் அண்ணை கையில் பிளேடு இருந்தது. படியெடுத்த சுருளில் அந்த டிக், டிக் சத்தம் வருகிற இடங்களுக்குப் பென்சிலால் அடையாளம் போட்டிருந்தார். அந்தக் காலத்தில் ஒலியைத் துப்புரவாக்குவது என்றால் அதுதான், சத்தம் வருகிற துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரு பக்கத்தையும் ஒட்டுவது.

"மடிப்பு விழுந்த இடமெல்லாம் இந்தச் சத்தம் வருது. எடுத்துவிட்டால் பேச்சு கொஞ்சம் தெளிவா வரும்" என்று என்னிடம் தமிழில் சொன்னார். நான் பேராசிரியைக்குச் சொன்னேன்.

படியெடுத்ததுதான், மூல நாடா பத்திரமாக இருக்கிறது. வெட்டினால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. அரை மணி நேரத்துக்கு முன்னால் என்றால் வெட்டச் சொல்லியிருப்பேன். ஆனால் பேராசிரியை வேண்டாம் என்றார். எது இரைச்சல், எது பேச்சு என்று நமக்குத் தெரியாது, முதலில் அவள் எல்லாவற்றையும் கேட்கட்டும் என்றார்.

கதிர் அண்ணை ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஒலிபெருக்கியில் போட்டார். அந்த நான்கைந்து விநாடிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். பிறகு பாதி வேகத்தில் ஓட்டினார். கிழவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இழுபட்டது. நொம்சா கண்ணை மூடிக்கொண்டு முழங்கையை மேசையில் ஊன்றியிருந்தாள். எத்தனை தடவை என்று தெரியாது. அந்த இரைச்சல் எனக்கே மனப்பாடமாகிவிட்டது. ஒரு டிக். ஒரு டிக். பிறகு இடைவெளி விட்டு ஒரு டிக். சொல்லின் வால். ஞாயிற்றுக்கிழமை.

"நிறுத்துங்கள்" என்றாள்.

கண்ணைத் திறந்தாள். முதல் இரண்டும் நாடாவின் மடிப்பு, ஒரே அளவு இடைவெளியில் வருகின்றன என்று சொன்னாள். மூன்றாவதை மட்டும் ஓட்டச் சொன்னாள். கதிர் அண்ணை கையால் சுருளைத் திருப்பித் திருப்பி அந்த ஒன்றை மட்டும் ஒலிக்க வைத்தார்.

"இது நாடா இல்லை. இது அப்பாவின் நாக்கு."

நாம் யாருக்காவது இரக்கப்பட்டால் நாக்கைப் பல்லில் ஒட்டி எடுத்து உச்சுக் கொட்டுவோம் அல்லவா? அந்த ஒலி சூலுவில் ஒரு மெய்யெழுத்து. மற்ற எழுத்துகளோடு சேர்ந்து சொல்லுக்குள் வரும். நாடாவின் மடிப்பு உயிரொலிகளைத் தின்றிருந்தது, மென்மையான ஒலிகளைத் தின்றிருந்தது. அந்தக் கூர்மையான ஒலியை மட்டும் அதனால் தின்ன முடியவில்லை. நாங்கள் பழுது என்று நினைத்து வெட்டி எறிய இருந்த சத்தம்தான் அந்த வாக்கியத்தில் பிழைத்திருந்த ஒரே எழுத்து.

நொம்சா உதட்டை அசைத்து, சத்தமில்லாமல் சொற்களைப் போட்டுப் பார்த்தாள். வீட்டுக்கு வரக்கூடியவை. போலீஸுக்கு அவள் மொழியில் சொல்லும் சொல்லில் அந்த ஒலி இல்லை. சவத்துக்கு இல்லை. பெட்டிக்கு இல்லை. பிறகு 'இன்' என்று தொடங்கி, உச்சுக் கொட்டி, 'வாடி' என்று முடித்தாள். அந்தச் சொல் எனக்குத் தெரியும். கடிதம்.

பேராசிரியை மெதுவாக, பின்னால் வருகிற வால் என்ன என்று கேட்டார். கதிர் அண்ணை ஓட்டினார். '...கே' என்று முடிந்தது. 'யாக்கே' என்றாள் நொம்சா. அவனுடைய. யார் என்று அப்பா முன்பே சொல்லிவிட்டார். உன் அண்ணனைப் பற்றி என்று.

ஞாயிற்றுக்கிழமை வந்தது அவனுடைய கடிதம்.

அவள் அழுதாள் என்று எழுதுவது எளிது. உண்மையில் அவள் எழுந்து போய் ஒலிபெருக்கியின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தோள் குலுங்கியது. கதிர் அண்ணை சுவரைப் பார்த்துக்கொண்டு பிளேடை உறையில் போட்டார். பேராசிரியை தன் கைக்குட்டையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் வெளியே போனார். நாடா அளக்கிற இரும்பு அடிமட்டத்தைத் துடைத்துக் கேக்கை வெட்டியது கதிர் அண்ணைதான்.

அன்று மாலை ரயிலில் நான் நொம்சாவிடம் மன்னிப்புக் கேட்டேன். உன்னை மூன்று மணி நேரம் ஏமாற்றிவிட்டேன் என்றேன். அதற்கில்லை என்றாள். தவறாகக் கேட்பது யாருக்கும் நடக்கும், நானே அந்த இடத்தில் இருந்தால் அப்படித்தான் கேட்டிருப்பேன் என்றாள். ஸ்டாக்வெல் நிலையம் தாண்டியபின், வெளியே இருட்டுச் சுரங்கத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"அப்பா அப்படியே சொன்னாரா என்று கேட்டேன். நீ ஆம் என்றாய். அதற்கு மட்டும்தான் எனக்குக் கோபம்."

ஆறு வாரம் கழித்து வேறொருவர் கையில் அடுத்த கசெட் வந்தது. தொலைதூரச் சிறை ஒன்றிலிருந்து அண்ணன் எழுதிய பதினோரு வரிக் கடிதம்தான் அது. அம்மா அழுதது அதைப் பார்த்து. ஊர்ச்சனம் வந்து போனது அதை வாசிக்கச் சொல்லிக் கேட்க. பிறகும் சில வருஷம் அவர் உள்ளேதான் இருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாடு மாறத் தொடங்கியபோது வெளியே வந்தார். நொம்சா விமானம் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

இலக்கண நூல் அதற்குச் சற்றுப் பின் அச்சுக்குப் போனது. சொல் வரிசை பற்றிய அத்தியாயத்தில் அந்தக் கிழவரின் வாக்கியத்தைச் சேர்க்க வேண்டும் என்று நான் விரும்பினேன். அதைவிட நல்ல எடுத்துக்காட்டு இந்த உலகத்தில் எனக்குக் கிடைக்காது. பேராசிரியை என்னிடம் முடிவு சொல்லவில்லை, நொம்சாவைக் கேள் என்றார். கேட்டேன். வேண்டாம் என்றாள். அது அப்பா எனக்காகச் செய்த வாக்கியம், உன் புத்தகத்துக்கு நான் வேறு நூறு செய்து தருகிறேன் என்றாள். செய்தும் தந்தாள். அதனால்தான் அந்த அத்தியாயத்தில் விருந்தாளி வருகிறார், மழை வருகிறது, மாடு திரும்பி வருகிறது. எடுத்துக்காட்டுகள் உப்புச்சப்பில்லாமல் இருக்கின்றன என்று மாணவர்கள் குறைப்பட்டுக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தப் பக்கங்களைத் திறந்தால் இன்றைக்கும் அந்தக் கிழவரின் குரல்தான் கேட்கும். ஒரு தகப்பன் தன் மகளுக்குச் செய்தி சொல்லும்போது, பயத்துக்கு நடுவிலும், காவலுக்கு நடுவிலும், தன்னை அறியாமலே சொற்களை அதனதன் இடத்தில் வைக்கிறார். ஆறாயிரம் மைலுக்கு இப்பால் பாதிக்கு மேல் அழிந்துபோன வாக்கியத்தை, சொற்கள் இருந்த இடத்தைக் கொண்டே மகள் எடுத்துவிடுகிறாள். இவ்வளவு பெரிய ஒன்றை மனிதர்கள் தினமும் வாயில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். நாம் அதன் ஓரத்தில் பென்சிலோடு நிற்கிறோம்.

எங்களுக்கு ஏதாவது எழுதித்தாருங்கள் என்று நீங்கள் கேட்டபோது நான் முதலில் நொம்சாவுக்குத்தான் போன் பண்ணினேன். அவளும் ஓய்வுபெற்றுவிட்டாள். அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. இனி இதைச் சொல்லலாமா என்று கேட்டேன்.  எந்த மொழியில் எழுதப்போகிறாய் என்று கேட்டாள். தமிழில் என்றேன். அது அப்பாவுக்குப் பிடித்திருக்கும் என்றாள். பிறகு ஒரு நிபந்தனை போட்டாள்.

"முதலில் நீ செய்த பிழையைச் சொல்லு. அதற்குப் பிறகு அப்பாவைச் சொல்லு."

அவள் கேட்ட வரிசையிலேயே சொல்லியிருக்கிறேன்.